மங்கோலியாவில் பாதி தீர்ந்த ஒரு மாத்திரை அட்டை

மங்கோலியா போட்டோ போட்டதுல இருந்து இன்பாக்ஸ்ல ஒரே கேள்விகள். எவ்வளவு செலவாச்சு, சைவக்காரங்களுக்கு ஒத்து வருமா, குதிரை ஓட்டத் தெரியாதவங்க போகலாமா? மூணாவதுக்கு மட்டும் இப்போ பதில்: போகலாம். எனக்கு 48 வயசு, மெரினா பீச்ல கூட குதிரை ஏறினது கிடையாது. சைவம்னா கொஞ்சம் கஷ்டம்தான். செலவுக் கணக்கு இன்னொரு நாள்.

இந்த இழை அதைப் பத்தி இல்லை. அங்கே ஒரு அக்காவோட முதுகுவலியைப் பத்தி. கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

2024 ஆகஸ்ட். உலான்பாத்தர்ல இருந்து மேற்கே கார்கோரின் வரைக்கும் சுமார் 360 கிலோமீட்டர் தார் ரோடு. 13-ஆம் நூற்றாண்டுல மங்கோலியப் பேரரசோட தலைநகரமா இருந்த காரகோரம் அங்கேதான் இருந்தது. இன்னிக்கு அந்த இடத்துல எர்தேன் ஸூ புத்த மடம் இருக்கு, 1586-ல ஆரம்பிச்சது. அதுக்கு மேல ஓர்கோன் பள்ளத்தாக்குக்குள்ள போற பாதையை ரோடுன்னு சொல்ல முடியாது. புல்வெளியில சக்கரம் போட்ட தடம், அவ்வளவுதான். வேன் அருவிக்குப் பக்கத்துல இறக்கி விட்டுட்டுப் போயிடுச்சு.

எங்க குழுவுல நான், ரிட்டயர்டு ஆன ஒரு டீச்சர் தம்பதி, உலான்பாத்தர் கல்லூரியில படிக்கிற வழிகாட்டிப் பொண்ணு, அப்புறம் குதிரைக்காரர். அவரோட கெர்தான் எங்க புறப்படும் இடம். கெர்னா மரச்சட்டம் பின்னி, மேல ஆட்டு ரோமக் கம்பளம் போர்த்தின வட்ட வீடு. கதவு தெற்கே பார்த்திருக்கும். வாசப்படியை மிதிக்கக் கூடாது. நடுவுல ரெண்டு தூண் நிக்கும், அதுக்கு நடுவுல நடந்து போகக் கூடாது. உள்ளே போறதுக்கு முன்னாடி வெளியே நின்னு, "நாயைப் பிடிங்க"ன்னு குரல் கொடுக்கணும். அங்க "வீட்ல யாருங்க?"ங்கறதுக்கு அதுதான் வழக்கம். எங்க விஷயத்துல நாய் நெஜமாவே வந்துச்சு.

உக்காந்ததும் உப்பு போட்ட பால் டீ. பின்னாடியே அய்ராக், அதாவது புளிக்க வெச்ச குதிரைப் பால். லேசா மோர், லேசா பீர், ரெண்டுக்கும் நடுவுல ஒரு சுவை. வலது கையால வாங்கணும், ஒரு வாயாவது குடிக்கணும். ஒரு சின்ன மருத்துவ சமாச்சாரம்: மங்கோலியர்கள்ல பெரும்பாலானவங்களுக்கு, நம்மள்ல பல பேருக்கு மாதிரியே, வளர்ந்தப்புறம் பால் சர்க்கரையைச் செரிக்கிற நொதி பெருசா சுரக்கறதில்ல. ஆனா கோடை முழுக்க பால்லயே வாழறாங்க. புளிக்க வெக்கறது, தயிராக்கறது, வெயில்ல காய வெச்சு ஆரூல்னு கட்டியாக்கறதுன்னு கிருமிகளை விட்டே பாதி வேலையை முடிச்சுடறாங்க. அந்த ஆரூலைக் கடிச்சு என் பழைய பல் ஃபில்லிங் ஒன்னு ஆடிப்போச்சு, அது தனிக்கதை.

அன்னிக்கு ராத்திரி குதிரைக்காரரோட மனைவி அடுப்புல வாணலியை இறக்கும்போது இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு ஒரு நொடி அப்படியே நின்னாங்க. நாப்பது வயசு இருக்கும். வழிகாட்டிப் பொண்ணு அவங்களை "எக்ச்"னு கூப்பிட்டா, அக்கான்னு அர்த்தம். நானும் அக்கான்னே சொல்றேன். நான் டாக்டர்னு தெரிஞ்சதும் முதுகுவலிக்கு மாத்திரை இருக்கான்னு கேட்டாங்க.

என்கிட்ட இருந்த பாராசிட்டமால் அட்டையைக் கொடுத்தேன். வேற ஒரு கேள்வியும் கேட்கல. நாலு மணி நேரம் வேன்ல குலுங்கி வந்திருந்தேன், தூக்கம் கண்ணைச் சொருகுது. தினமும் பால் கறக்கிறவங்க, சாணி பொறுக்கறவங்க, முதுகு வலிக்கத்தானே செய்யும்னு நானே தீர்ப்பு எழுதிட்டேன்.

மறுநாள் காலைல கிளம்பிட்டோம். நைமான் நூர். நைமான்னா எட்டு, நூர்னா ஏரி. எரிமலைக் குழம்பு பள்ளத்தாக்கை அடைச்சு உண்டான எட்டு ஏரிகள், 2,000 மீட்டருக்கு மேல உயரத்துல. மங்கோலியக் குதிரை நம்ம சினிமாக் குதிரை மாதிரி இருக்காது, குட்டை. ஏறினா என் கால் கிட்டத்தட்ட தரையைத் தொடற மாதிரி ஒரு அவமானம். ஆனா அது நடக்கிற இடத்தைப் பார்த்தா வாயடைச்சுப் போவீங்க. சதுப்புல புதையுது, எரிமலைப் பாறைச் சந்துல கால் வெக்குது, லார்ச் மர வேர்களைத் தாண்டுது, எதையும் பெருசா எடுத்துக்கிறதில்ல. இடது பக்கத்துல இருந்துதான் ஏறணும். "ச்சூ"ன்னா போகும். மேல உக்காந்துக்கிட்டு மழைக்கோட்டை மட்டும் படபடன்னு விரிச்சுடக் கூடாது, மிரண்டுடும். எங்க டீச்சர் சார் விரிச்சார். கீழே விழுந்தார். நல்லவேளை ஹெல்மெட் இருந்தது, சதுப்பு மெத்தையா இருந்தது. தோள்பட்டையை அசைச்சுப் பார்த்தேன், எலும்பு பத்திரம். அவரோட மானம்தான் உடைஞ்சது, அதுக்கு என்கிட்ட கட்டு இல்ல.

ரெண்டாவது நாள் ராத்திரி ஷிரீத் ஏரிக்கரையில தீ மூட்டி உக்காந்திருந்தோம். குதிரைக்காரர் பேசவே மாட்டார், அன்னிக்குப் பேசினார். போன குளிர்காலத்தைப் பத்தி. அங்க அதுக்கு ஸூத்னு பேரு. பனி இறுகிப்போய் மேய்ச்சலுக்குப் புல் கிடைக்காம கால்நடைகள் கூட்டம் கூட்டமா சாகற காலம். 2023-24 ஸூத்ல நாடு முழுக்க 70 லட்சத்துக்கும் மேல செத்துப்போச்சு. அந்த நாட்டோட ஜனத்தொகையே சுமார் 35 லட்சம்தான். ஆளுக்கு ரெண்டுன்னு வெச்சுக்கோங்க. இவங்க வீட்ல எழுபது ஆடு போச்சாம். அப்புறம் சொன்னார்: "பிழைச்ச ஆடுங்களும் வசந்த காலத்துல குட்டியை முன்னாடியே போட்டுடுச்சு. ஒன்னு, ரெண்டு இல்ல. ராத்திரி ராத்திரியா என் வீட்டுக்காரிதான் எடுத்துப் போட்டா."

வழிகாட்டிப் பொண்ணு அதை மொழிபெயர்த்து முடிக்கறதுக்குள்ள எனக்கு வயிறு ஜில்லுனு ஆயிடுச்சு.

ஏன்னு சொல்றேன். பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு ஆஸ்பத்திரியில ஆடு வளர்க்கிற ஒரு பெரியவர் வந்தார். சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வேர்வை, முதுகுவலி. முதுகெலும்புல ஒரு இடம் அரிச்ச மாதிரி எக்ஸ்ரே. முதுகெலும்பு டி.பி.ன்னு முடிவு பண்ணி நான்தான் மாத்திரையை ஆரம்பிச்சேன். ரெண்டு மாசத்துல கொஞ்சம் தேறினார், அப்புறம் மறுபடி காய்ச்சல். அப்பவும் டி.பி.யைத்தான் துரத்தினேன். கடைசியில வேற ஒரு ஊர் டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, உங்க ஆடு குட்டி போட்டுச்சா, கலைஞ்சுதா?" ப்ரூசெல்லோசிஸ். டி.பி.க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின் இந்தக் கிருமியையும் கொஞ்சம் அடக்கும், அதனாலதான் பாதி தேறினார். பிழைச்சுட்டார். ஆனா நிமிர்ந்து நடக்கல. பெரியவர் என்மேல கோவிச்சுக்கலை. கோவிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

தெரியாதவங்களுக்காக: ப்ரூசெல்லா ஆடு, மாடு, ஒட்டகத்துக்கெல்லாம் வர்ற ஒரு பாக்டீரியா. 1887-ல மால்டா தீவுல டேவிட் ப்ரூஸ்ங்கற ராணுவ டாக்டர், காய்ச்சல்ல செத்த சிப்பாய்களோட மண்ணீரல்ல இருந்து கண்டுபிடிச்சார். அது ஆட்டுப்பால் வழியா வருதுன்னு தெமிஸ்டோக்ளிஸ் ஸம்மித்ங்கற மால்டா டாக்டர் 1905-ல காட்டினார். காய்ச்சல் ஏறும், இறங்கும், அலை மாதிரி. மூட்டு, இடுப்பு, முதுகெலும்பு எல்லாத்துலயும் போய் உக்காந்துக்கும். நம்ம ஊர்லயும் இருக்கு, நாமதான் கேட்கறதில்ல.

அடுத்த ரெண்டு நாள் நான் பார்த்த ஏரியெல்லாம் எனக்கு ஞாபகமே இல்ல. போட்டோல இருக்கு, அழகா இருக்கு. மனசுக்குள்ள ஒரே ஒத்திகை: காய்ச்சாத பாலைக் குடிக்காதீங்கன்னு அக்காகிட்ட எப்படிச் சொல்றது, பாலே சாப்பாடா இருக்கிற வீட்ல?

திரும்பி வந்ததும் கேட்டேன். அக்காவோட முகம் மாறிடுச்சு. "காய்ச்சாத பாலை யார் குடிப்பா? பாலைக் காய்ச்சித்தான் டீ, காய்ச்சித்தான் ஏடு எடுக்கிறோம்"னாங்க. சமையல் தெரியாத மாப்பிள்ளையைப் பார்க்கிற பார்வை. சரின்னு கேள்வியை மாத்தினேன். குட்டி போடும்போது என்ன பண்ணுவீங்க?

கையைக் காட்டினாங்க. வெறும் கை. மார்ச் மாசம், வெளியே உறைபனி. கலைஞ்ச குட்டியை இழுத்து எடுக்கிறதும், நஞ்சுக்கொடியைச் சுத்தம் பண்றதும், உயிரோட வர்ற குட்டியைத் துடைச்சு கெருக்குள்ள அடுப்புப் பக்கம் கொண்டு வர்றதும் எல்லாம் அந்தக் கைதான். குளிர்ல வெடிச்ச கை. கிருமிக்கு அதைவிடப் பெரிய வாசல் வேணுமா? மங்கோலியாவுல இந்த வியாதி பரவறதுல பெரிய பங்கு இந்தப் பிரசவ வேலைக்குத்தான். நான் ரெண்டு நாள் பாலைத் திட்டிக்கிட்டே குதிரையில வந்திருக்கேன்.

ரத்தப் பரிசோதனை எப்பவாவது எடுத்தீங்களான்னு கேட்டேன். அக்கா எழுந்து போய் ஆரஞ்சுப் பூ வரைஞ்ச மரப்பெட்டியைத் திறந்தாங்க. துணிமணி, பசங்க போட்டோ, எல்லாத்துக்கும் அடியில இருந்து மடிச்ச ஒரு காகிதம், ஒரு நீலத் துணி முடிச்சு.

காகிதத்தை வழிகாட்டிப் பொண்ணு படிச்சா. ஜூன் மாசமே ரத்தம் எடுத்திருக்காங்க. ப்ரூசெல்லோசிஸ். எழுதிக் கொடுத்தது டாக்ஸிசைக்ளினும் ரிஃபாம்பிசினும், ஆறு வாரம். நான் எழுதியிருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

இந்த இடத்துல என் மூஞ்சியை நீங்க பார்த்திருக்கணும். அங்க கிராம அளவுல 'பாக் எம்ச்'னு ஒரு மருத்துவ ஊழியர் உண்டு. எம்ச்னா டாக்டர். பைக்லயோ குதிரையிலயோ கெர் கெரா போய்ப் பார்க்கிறவங்க. இந்த அக்காவைப் பார்க்க வந்த அந்த அம்மா, ஒரு காய்ச்சல், ஒரு முதுகுவலி, வசந்த காலம், கலைஞ்ச குட்டிங்கன்னு நாலையும் சேர்த்து ஜூன்லயே சோம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. சோம்னா நம்ம வட்டம் மாதிரி. நான் ஏரிக்கரையில தீ பக்கத்துல உக்காந்து பெரிய துப்பறிவாளர் மாதிரி கண்டுபிடிச்சது ரெண்டு மாசப் பழைய செய்தி.

நீலத் துணியில மீதி மாத்திரை. மூணு வாரத்துக்கானது அப்படியே இருந்தது. காய்ச்சல் நின்னுடுச்சாம், மாத்திரை வயித்தைப் புரட்டிச்சாம், அப்போதான் கோடை முகாமுக்கு மாறற நேரம். நிறுத்திட்டாங்க. தூக்கிப் போடல, மருந்து விலைமதிப்பானதுன்னு துணியில முடிஞ்சு பத்திரமா வெச்சிருக்காங்க.

டி.பி. வார்டுல வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வாங்க, இந்த முடிச்சு நமக்குப் புதுசு இல்ல.

அக்கா கேட்டது நேரான கேள்வி. "மீதி இருக்கிறதை இப்போ சாப்பிட்டா போதுமா?" அதைவிட நேரா அவங்க வீட்டுக்காரர் கேட்டார்: "உங்க பையில மருந்து இருக்கே, அதையும் சேர்த்துக் கொடுங்களேன்."

என் பையில டாக்ஸிசைக்ளின் இருந்தது. ரெண்டு அட்டை. பயணத்துக்குன்னு எப்பவும் வெச்சிருப்பேன்.

கொடுக்கலை.

காரணம் சொல்றேன், படிக்கிறவங்கள்ல டாக்டர்களும் இருப்பீங்க. டாக்ஸிசைக்ளினைத் தனியா கொடுத்தா இந்த வியாதி திரும்பத் திரும்ப வரும். பாதியில விட்டு வலி திரும்பி வந்திருக்கு. கவிழ்ந்து படுக்கச் சொல்லி முதுகெலும்பை ஒவ்வொரு கணுவா தட்டிப் பார்த்தேன், வழிகாட்டிப் பொண்ணு பக்கத்துல கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. இடுப்புக்கு மேல ஒரே ஒரு இடத்துல அக்கா மூச்சை இழுத்துப் பிடிச்சாங்க. அங்க கிருமி உக்காந்திருந்தா ஆறு வாரமெல்லாம் பத்தாது, குறைஞ்சது மூணு மாசம். அதைப் படம் எடுத்துத்தான் சொல்ல முடியும், என் விரலால சொல்ல முடியாது. நான் ரெண்டு அட்டையைக் கொடுத்தா அவங்களுக்கு வலி குறையும், சோம் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டாங்க, நான் விமானம் ஏறிடுவேன். (இதைப் படிச்சுட்டு மெடிக்கல் ஷாப்ல போய் யாரும் டாக்ஸிசைக்ளின் வாங்காதீங்க. கும்பிடறேன்.)

இதையெல்லாம் மொழிபெயர்த்துச் சொல்லும்போது கெருக்குள்ள ஒரு அமைதி. அவ்வளவு தூரத்துல இருந்து வந்த டாக்டர், பையில மருந்தை வெச்சுக்கிட்டு இல்லைன்னு சொல்றார். அவங்க டீயை நிரப்பினாங்க, எதுவும் பேசல. அந்த டீயைக் குடிக்கிறது எனக்கு அய்ராக்கை விடக் கஷ்டமா இருந்தது.

அப்புறம் அக்கா சொன்னாங்க: "நாளைக்கே போகலாம். ஆனா போனா ஒரு நாள் முழுக்க ஆயிடும். யார் பால் கறப்பா?"

மாமியாருக்கு எழுபது தாண்டியாச்சு, கையில முடக்குவாதம். பொண்ணுக்குப் பத்து வயசு. கறவையில இருக்கிறது பதினோரு யாக். ரெண்டு வேளை. கறக்கலைன்னா மடி கட்டிக்கும்.

வழிகாட்டிப் பொண்ணு எங்க மூணு பேரையும் ஒரு பார்வை பார்த்தா. டீச்சரம்மாதான் முதல்ல கையைத் தூக்கினாங்க.

அப்படித்தான் எங்க பயணத்திட்டத்துல இல்லாத ஒரு நாள் சேர்ந்தது. விடிகாலைல முதல் கறவையை முடிச்சுட்டு அக்காவும் அவரும் பைக்ல கிளம்பினாங்க. முதுகுக்குக் கீழே மடிச்ச கம்பளம், பழைய காகிதம், நீலத் துணி முடிச்சு எல்லாம் எடுத்துட்டுப் போகச் சொன்னேன். நாங்க யாக்கோட.

சொல்லிடறேன், யாக் கறக்கிறது லேசுப்பட்ட வேலை இல்ல. கன்னுக்குட்டிங்களை வரிசையா ஒரு கயித்துல கட்டியிருப்பாங்க. ஒன்னை அவிழ்த்து விடணும், அது ஓடிப்போய் அம்மாகிட்ட ரெண்டு வாய் குடிக்கும், பால் இறங்கும், உடனே கன்னை இழுத்துக் கட்டிட்டுக் கறக்கணும். அந்த இழுக்கிற வேலை எனக்கு. கன்னு என்னைத்தான் இழுத்துச்சு. மங்கோலியாவுல கறக்கிறது பெரும்பாலும் பெண்கள் வேலை, அதனால ஒரு ஆம்பளை, அதுவும் கண்ணாடி போட்ட ஆம்பளை, யாக்குக்கு அடியில முட்டி போட்டதைப் பார்த்து பாட்டி சிரிச்ச சிரிப்புல பல் செட்டு கழண்டுடும்னு பயந்தேன். பத்து வயசுப் பொண்ணுதான் எங்க எல்லாருக்கும் மேனேஜர். நான் ஒரு யாக் கறந்த நேரத்துல அவ நாலு முடிச்சா.

நடுவுல சாணி பொறுக்கற வேலை. முதுகுல கூடை, கையில நீளமான முள்கரண்டி மாதிரி ஒன்னு. காய்ஞ்ச சாணியைக் குத்தித் தோளுக்கு மேல வீசினா கூடையில விழணும். அவங்களுக்கு விழுது. எனக்குச் சட்டை காலருக்குள்ள விழுந்துச்சு. ஒரு மணி நேரம் குனிஞ்சு நிமிர்ந்ததுக்கே இடுப்பு கழண்டு போச்சு. வலியோட ஒருத்தி இதைத் தினமும் செய்யறா, முதல் நாள் நான் அதுக்குப் பாராசிட்டமால் கொடுத்துட்டுத் தூங்கினேன்.

சாயங்காலக் கறவையில பாதியில இருக்கும்போது பைக் சத்தம். அக்கா இறங்கினதும் முதல்ல பார்த்தது என்னை இல்ல, வாளியை. அளவைப் பார்த்துட்டு ஏதோ சொன்னாங்க, மொழிபெயர்க்க மாட்டேன்னு வழிகாட்டிப் பொண்ணு சொல்லிட்டா.

சோம் டாக்டர் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சிருக்கார். படம் எடுக்க மாகாணத் தலைநகர் அர்வைஹேருக்குக் கடிதம் கொடுத்திருக்கார். மாத்திரையை மொத்தமா கொடுக்கலை. செப்டம்பர் 1 பள்ளிக்கூடம் திறக்குது, மேய்ப்பர் பிள்ளைங்க சோம்ல இருக்கிற விடுதியில தங்கித்தான் படிக்கணும், எப்படியும் பொண்ணைக் கொண்டுவிட அன்னிக்கு வருவாங்க, மிச்சத்தை அப்போ வாங்கிக்கோன்னு. இது அந்த பாக் எம்ச் அம்மா போன்ல சொன்ன யோசனையாம். இடம் மாறறது, பள்ளி திறக்கிறது, கறவை குறையறதுன்னு அவங்களோட காலண்டருக்குள்ள மாத்திரையைச் செருகியிருக்காங்க. எனக்கு இது தோணியிருக்காது.

நான் சேர்த்துச் சொன்னது ரெண்டே விஷயம். மாத்திரையைப் பால் டீயோட முழுங்காதீங்க, டாக்ஸிசைக்ளின் உடம்புல சேர்றதைப் பால் கொஞ்சம் குறைக்கும், வெறும் தண்ணி ஒரு பெரிய டம்ளர் குடிச்சுட்டு உடனே படுக்காதீங்க. வெறும் தண்ணியான்னு அக்கா முகம் சுளிச்சாங்க. அப்புறம் அடுத்த மார்ச்ல ரப்பர் கையுறை. என் முதலுதவிப் பையில நாலு ஜோடிதான் இருந்தது, கொடுத்துட்டு வந்தேன். டாக்ஸிசைக்ளினைக் கொடுக்காத டாக்டர் கையுறையைக் கொடுத்ததுல பாட்டிக்குத் திரும்பவும் சிரிப்பு.

கிளம்பற அன்னிக்கு அக்கா குதிரைங்க போற திசையில கரண்டியால பாலைத் தெளிச்சாங்க. பயணம் போறவங்களுக்கு அவங்க செய்யற வழக்கம் அது. என் குதிரைக்கும் கொஞ்சம் தெளிச்சாங்க.

நவம்பர்ல வழிகாட்டிப் பொண்ணு ஒரு போட்டோ அனுப்பினா. தீர்ந்துபோன மாத்திரை அட்டைங்க, நீலத் துணிமேல வரிசையா. எண்ணிப் பார்த்தேன், சரியா இருந்தது. காய்ச்சல் இல்லையாம். முதுகுவலி குறைஞ்சிருக்காம், முழுசா போகலையாம். அர்வைஹேருக்குப் போனாங்களான்னு கேட்டேன். குளிர்காலத்துக்கு இறைச்சி வெட்டிச் சேமிக்கிற வேலை முடிஞ்சதும் போவாங்கன்னு பதில்.

அந்த வேலை முடிஞ்சிருக்கும். போன வாரம் மறுபடி கேட்டேன். அக்காவுக்கு அனுப்பிட்டேன் டாக்டர், அங்க சிக்னல் கிடைக்கணும்னா குன்று ஏறணும், பனி கொட்டுதுன்னு சொன்னா. பதில் வந்ததும் இதே இழையில போடறேன்.